'போலீஸ் நிறுத்தினா கையை ஸ்டியரிங் மேலயே வை': அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடம்... 'தி டாக்' என்றால் என்ன?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிடலாம். அப்பாவோ அம்மாவோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி பார்ப்பது, லேன் மாறுவது, பார்க் பண்ணுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கறுப்பினக் குடும்பங்களில் இதோடு இன்னொரு பாடமும் உண்டு. பின்னால் போலீஸ் காரின் சிவப்பு, நீல விளக்கு சுழன்றால் என்ன செய்யணும்? அதைவிட முக்கியமாக, என்னவெல்லாம் செய்யவே கூடாது?

இதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது: 'தி டாக்'. அதாவது, 'அந்தப் பேச்சு'. மற்ற வீடுகளில் இந்த வார்த்தையைச் சொன்னால், வளர்ந்துவரும் பிள்ளையிடம் பெற்றோர் கூச்சத்தோடு பேசும் பாலியல் விஷயம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். கறுப்பின வீடுகளில் அதே பெயரில் இரண்டு பேச்சுகள் உண்டு. ஆஞ்சி தாமஸ் எழுதி 2017இல் வெளியான 'தி ஹேட் யூ கிவ்' நாவலின் நாயகிக்கு 12 வயதில் இந்த இரண்டும் நடக்கின்றன. 2018இல் வந்த அதன் திரைப்படம் தொடங்குவதே, அப்பா பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் பாடம் எடுக்கும் காட்சியில்தான்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கும்?

வீட்டுக்கு வீடு வார்த்தை மாறும், சாராம்சம் ஒன்றுதான். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "வண்டியை வெளிச்சமான இடமா பார்த்து ஓரம் கட்டு. உள்ளே லைட்டைப் போடு. கண்ணாடியை இறக்கிடு. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல, விரலெல்லாம் தெரியிற மாதிரி இருக்கணும். அவங்க கேட்காம எதையும் எடுக்காதே. எடுக்கச் சொன்னா, 'லைசென்ஸ் பின்பாக்கெட்ல இருக்கு, எடுக்கட்டுமா'ன்னு கேட்டுட்டு மெதுவா எடு. சார், மேடம்னு பேசு. குரலை உயர்த்தாதே. தப்பு அவங்க மேலயே இருந்தாலும் வாதாடாதே. வீட்டுக்கு உயிரோட வா, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. நம்மூர் மாதிரி இறங்கிப் போய் பேப்பர் காட்டும் வழக்கம் அங்கே கிடையாது. டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கணும், போலீஸ்தான் நடந்து வருவார். சொல்லாமல் இறங்கினாலே மிரட்டலாகப் பார்க்கப்படும். அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம். அதனால் எதிரே இருப்பவரின் கை எங்கே போகிறது என்பதைக் கவனிக்கத்தான் போலீஸுக்கு முதலில் பயிற்சி தருகிறார்கள். வண்டி ஆவணங்களைப் பலரும் வைத்திருப்பதோ டேஷ்போர்டு பெட்டிக்குள். ஆவணத்தைக் கேட்கிறார்கள், அதை எடுக்கக் கை நீண்டாலே சந்தேகப்படுகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை 16 வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

காரோடு இது முடிவதில்லை. லைசென்ஸ் எடுக்கும் வயதுக்கு ரொம்ப முன்பே ஆரம்பித்துவிடும். கடைக்குள் பாக்கெட்டில் கைவிடாதே, எதை வாங்கினாலும் பில்லை வைத்துக்கொள், ராத்திரியில் ஹூடியைத் தலையில் போடாதே, போலீஸைப் பார்த்து ஓடாதே. அப்புறம், பொம்மைத் துப்பாக்கியோடு வெளியே போகாதே.

இந்தக் கடைசிக் கட்டளை பல வீடுகளில் கண்டிப்பானதற்கு ஒரு சம்பவம் காரணம். 2014 நவம்பர் 22, ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம். பூங்காவில் 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸ் ஒரு பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸுக்கு போன் செய்தவர், அது அநேகமாக போலித் துப்பாக்கிதான், ஆள் அநேகமாகச் சிறுவன்தான் என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு தகவலும் ரோந்து காருக்குப் போகவே இல்லை. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். இரண்டு விநாடியில் எந்த அறிவுரையைத்தான் ஒரு பிள்ளை நினைவுக்குக் கொண்டுவர முடியும்? சுட்டவர்மீது வழக்குத் தொடர கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது.

'சின்னப் பையன்னு தெரியலையா?' என்ற கேள்விக்கு ஆய்வுகளில் ஒரு பதில் இருக்கிறது. உளவியலாளர் ஃபிலிப் கோஃப் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குற்றச் சந்தேகத்துக்கு ஆளானவர்களாகக் காட்டப்பட்ட கறுப்பினச் சிறுவர்களின் வயதை, உண்மையான வயதைவிடச் சராசரியாக நான்கு வருடத்துக்கும் மேல் கூட்டியே மதிப்பிட்டார்கள். 13 வயதுப் பையன் மற்றவர் கண்ணுக்கு 17, 18 ஆகத் தெரிகிறான். பெண் பிள்ளைகளும் தப்பவில்லை. கறுப்பினச் சிறுமிகளை ஐந்து வயதிலிருந்தே 'விவரம் தெரிந்தவர்கள்' போலப் பெரியவர்கள் பார்க்கிறார்கள் என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது.

சட்டம் பாதுகாக்காதா?

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் குடிமகனுக்கு நிறைய உரிமை கொடுத்திருக்கிறது. மௌனமாக இருக்கலாம். சோதனைக்குச் சம்மதிக்க முடியாது என்று சொல்லலாம். ஆனால் சாலையோரத்தில் நிலைமை வேறு. 1977இல், டிராஃபிக் விதிமீறலுக்காக நிறுத்தப்பட்ட டிரைவரைக் காரை விட்டு இறங்கச் சொல்லப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 1989இல் வந்த தீர்ப்பு, போலீஸ் பயன்படுத்திய பலம் சரியா தவறா என்பதை அந்த நொடியில் அங்கே நிற்கும் நியாயமான ஒரு போலீஸ்காரரின் பார்வையிலிருந்துதான் பார்க்கணும் என்றது. 1996இல், ஏதாவது ஒரு விதிமீறல் இருந்தால் போதும், வேறு சந்தேகத்தை மனதில் வைத்து வண்டியை நிறுத்தினாலும் செல்லும் என்று வந்தது. இண்டிகேட்டர் போடவில்லை, ஒரு பிரேக் லைட் எரியவில்லை, கண்ணாடியில் ஏதோ தொங்குகிறது. இப்படித் தேடினால் எந்த வண்டியிலும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அதனால்தான் உரிமையைச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரே, அதை ரோட்டில் வாதாடாதே என்றும் சொல்கிறார்கள். 2015 ஜூலையில் டெக்சாஸில் 28 வயது சாண்ட்ரா பிளாண்ட், லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடவில்லை என்று நிறுத்தப்பட்டார். சிகரெட்டை அணைக்கச் சொன்னார் போலீஸ்காரர். 'என் காருக்குள்ளே நான் ஏன் அணைக்கணும்' என்ற ரீதியில் சாண்ட்ரா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பேச்சு தடித்து, டேசர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டி இறக்கி, கைது செய்தார்கள். மூன்று நாள் கழித்து ஜெயில் அறையில் அவர் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது உடற்கூறாய்வு. குடும்பம் வழக்குப் போட்டது, 19 லட்சம் டாலர் இழப்பீட்டில் அது முடிந்தது. இண்டிகேட்டரில் ஆரம்பித்த விஷயம் இது.

சொன்னபடி நடந்தாலும்?

'தி டாக்' பற்றிப் பேசும்போது ஃபிலாண்டோ காஸ்டீல் பெயர் வராமல் இருக்காது. மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தை மேற்பார்வை செய்துவந்தவர். வயது 32. வாகனம் ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அவரைப் போலீஸ் 45 முறைக்கும் மேல் நிறுத்தியிருக்கிறது. பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்கள்தான்.

2016 ஜூலை 6ஆம் தேதி இரவு மீண்டும் நிறுத்தினார்கள். பிரேக் லைட் எரியவில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. ஆனால் நிறுத்துவதற்கு முன் போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் சொன்னது வேறு: அகலமான மூக்கைப் பார்த்தால் ஒரு கொள்ளை வழக்கில் தேடப்படும் ஆள் மாதிரி இருக்கிறது. காரில் காஸ்டீலின் தோழியும், பின் சீட்டில் தோழியின் நான்கு வயது மகளும் இருந்தார்கள்.

காஸ்டீலிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. அதை மறைக்காமல் அவரே முன்வந்து, மரியாதையாகச் சொன்னார். 'அதை எடுக்காதே' என்றார் போலீஸ்காரர். எடுக்கவில்லை என்று காஸ்டீலும் தோழியும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழு குண்டுகள் பாய்ந்தன. ரத்த வெள்ளத்தில் அவர் சாய்ந்து கிடக்க, தோழி ஃபேஸ்புக் லைவில் பேசிய காட்சியை உலகமே பார்த்தது. அதிலும் அவர் போலீஸ்காரரை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். 2017 ஜூனில் அந்தப் போலீஸ்காரரை ஜூரி விடுதலை செய்தது.

காஸ்டீலின் தாய் வேலரி, மகன் இறந்த மறுநாள் தொலைக்காட்சிப் பேட்டியில், போலீஸ் நிறுத்தினால் அவர்கள் சொல்வதைச் செய், பிழைக்க அதுதான் வழி என்று மகனுக்குச் சொல்லி வளர்த்ததாகச் சொன்னார். பாடம் எடுத்த அம்மா, பாடத்தைக் கேட்ட மகன், இருவரிடமும் குறை கண்டுபிடிக்க முடியாத வழக்கு இது. 'சொன்னதைக் கேட்டிருந்தா பிரச்னையே வந்திருக்காதே' என்று ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் வரும் பேச்சு இங்கே எடுபடாமல் போனதும் அதனால்தான்.

அதே மினசோட்டாவில் 2021 ஏப்ரல் 11 அன்று நடந்ததில் இந்தப் பாடம் போன் வழியாகவே நடந்துகொண்டிருந்தது. மினியாபொலிஸ் புறநகரில் 20 வயது டான்டே ரைட்டை நிறுத்தினார்கள். பதிவு ஸ்டிக்கர் காலாவதி, கண்ணாடியில் ஏர் ஃபிரஷ்னர் தொங்கியது, இவைதான் காரணம். பதற்றத்தில் அவர் அம்மாவுக்கு போன் போட்டார். 'இன்சூரன்ஸ் பத்தி நானே பேசறேன், அவர் வந்ததும் போனைக் கொடு' என்றார் அம்மா. அதற்குள் போனைக் கீழே வைக்கச் சொல்லும் குரல் கேட்டது, இணைப்பு துண்டானது. டான்டே பெயரில் ஒரு வாரன்ட் இருந்தது. கைவிலங்கு போடும்போது அவர் திமிறி மீண்டும் காருக்குள் ஏற, டேசர் என்று நினைத்து நிஜத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார் அனுபவம் வாய்ந்த பெண் போலீஸ் அதிகாரி. அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. டான்டேயின் தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர். மகனை நினைத்துப் பயப்பட அந்த அம்மா கறுப்பினத்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பயம் மிகையா, கணக்கு என்ன சொல்கிறது?

போலீஸால் கொல்லப்படும் வாய்ப்பைக் கணக்கிட்டு 2019இல் வெளியான ஒரு ஆய்வின்படி, கறுப்பின ஆண்களில் வாழ்நாளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அந்த முடிவு நேரலாம். வெள்ளையின ஆண்களோடு ஒப்பிட்டால் இது சுமார் இரண்டரை மடங்கு. அதாவது ஒரு தனிப்பட்ட நிறுத்தத்தில் எதுவும் நடக்காமல் போவதுதான் சகஜம். ஆனால் அடிக்கடி நிறுத்தப்படுகிறவருக்கு இந்தச் சீட்டு திரும்பத் திரும்ப விழுகிறது.

நிஜமாகவே நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்களா என்பதைச் சோதிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒரு எளிய வழியைக் கையாண்டது. கோடையில் மாலை 7 மணிக்கு வெளிச்சம் இருக்கும், குளிர்காலத்தில் அதே 7 மணிக்கு இருட்டு. ரோட்டில் போகிறவர்கள் பெரிதாக மாறப்போவதில்லை. ஆனால் இருட்டில் டிரைவரின் முகம் தெரியாது. சுமார் 10 கோடி வாகன நிறுத்தங்களின் பதிவுகளை அலசியதில், இருட்டிய பிறகு நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. கறுப்பின, லத்தீனோ டிரைவர்களின் வண்டியைச் சோதிக்கக் குறைந்த சந்தேகமே போதுமானதாக இருந்ததும் தெரிந்தது.

போலீஸே உருவாவதற்கு முந்தைய பாடம்

இது ஏதோ செல்போன் வீடியோ காலத்தில் வந்த வழக்கம் இல்லை. 1700களின் தொடக்கத்திலிருந்தே தென் மாநிலங்களில் அடிமைகளைக் கண்காணிக்க ரோந்துப் படைகள் இருந்தன. எஜமானின் அனுமதிச் சீட்டு இல்லாமல் சாலையில் நடக்கும் கறுப்பினத்தவரைப் பிடித்து அடிக்கலாம். அப்போதே பிள்ளைக்கு எங்கே நிற்கணும், எப்படிப் பதில் சொல்லணும் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

1955இல் சிகாகோவிலிருந்து 14 வயது எமெட் டில் கோடை விடுமுறைக்கு மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கிளம்பினான். அங்கே வெள்ளையர்களிடம் எப்படி நடந்துகொள்ளணும், தேவைப்பட்டால் மண்டியிட்டுத் தலைகுனியவும் தயங்காதே என்று தாய் மேமி சொல்லித்தான் அனுப்பினார். கடையில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்ததாகச் சொல்லி அவனைக் கடத்திக் கொன்று ஆற்றில் வீசினார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி இருவரை விடுவித்தது. சில மாதத்தில் அவர்களே பத்திரிகைப் பேட்டியில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். கொன்றவர்கள் போலீஸ் இல்லை. ஆனால் மேமி சொல்லி அனுப்பியதற்கும் 61 வருடம் கழித்து வேலரி சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மேயர் சொன்னதும் முதுகைக் காட்டிய போலீஸ்

2014 டிசம்பரில் நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ இதைப் பொதுவெளியில் பேசினார். அவர் வெள்ளையர், அன்றைய மனைவி கறுப்பினத்தவர். கழுத்தைப் பிடித்து நெரித்ததில் எரிக் கார்னர் இறந்த வழக்கில் போலீஸ்காரர்மீது குற்றச்சாட்டு பதிய கிராண்ட் ஜூரி மறுத்த நாள் அது. போலீஸிடம் எப்படி கவனமாக நடந்துகொள்ளணும் என்று எங்கள் மகன் டான்டேவுக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்றார் மேயர். போலீஸ் சங்கம் கொதித்தது. அதே மாதம் இரண்டு போலீஸ்காரர்கள் ரோந்து காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டபோது, மருத்துவமனைக்கு வந்த மேயருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள் காவலர்கள். தங்கள் உயிருக்கும் உத்தரவாதம் இல்லாத வேலையில், பெற்றோரே பிள்ளைகளிடம் எங்களை வில்லனாக்கினால் எப்படி என்பது அவர்கள் வாதம்.

2016இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், ஒரு வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் இந்தப் பேச்சைக் குறிப்பிட்டு, தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின, பழுப்பு நிறப் பெற்றோர் இதைச் செய்துவருவதாக எழுதினார். 2023 பிப்ரவரியில் அதிபர் ஜோ பைடன், மெம்பிஸில் போலீஸ் அடித்துக் கொன்ற டயர் நிக்கோல்ஸின் பெற்றோரை நாடாளுமன்ற அவையில் வைத்துக்கொண்டு, என் பிள்ளைகளிடம் நான் இப்படிப் பேச வேண்டிய நிலை வந்ததே இல்லை என்று சொன்னார். நிக்கோல்ஸை அடித்த ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பினத்தவர்கள்தான். தனிப்பட்ட வெறுப்பு மட்டும்தான் காரணம் என்று முடித்துக்கொள்ள முடியாது என்பதற்கு அது ஒரு உதாரணம்.

இந்தியர்களுக்கு இதில் என்ன?

2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலம் மேடிசனில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயது சுரேஷ்பாய் படேல் காலையில் வாக்கிங் போனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவர் சந்தேகப்படும்படி நடமாடுகிறார் என்று யாரோ போன் செய்தார்கள். வந்த போலீஸிடம் தனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியா என்று சொல்ல முயன்றார். தரையில் சாய்த்து வீழ்த்தப்பட்டதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, உடல் பகுதியளவு செயலிழந்தது. இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை, 2016இல் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். 'நாம என்ன, படிச்சு வேலைக்கு வந்தவங்க' என்ற நினைப்பு போனில் வரும் ஒரு அடையாளக் குறிப்புக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை.

பிள்ளைக்கு மட்டும்தான் பயிற்சியா?

கறுப்பினப் பெற்றோர் மத்தியிலேயே இதில் தயக்கம் உண்டு. எந்த வயதில் சொல்வது? ரொம்ப சீக்கிரம் சொன்னால் பயந்த பிள்ளையாக வளரும், தாமதித்தால் அதற்குள் ஏதாவது நடந்துவிடலாம். தப்பே செய்யாதபோதும் பணிந்து போ என்று சொல்லும்போது பிள்ளையின் சுயமரியாதை என்ன ஆகும் என்பது இன்னொரு கவலை. டா-நெஹிசி கோட்ஸ் 2015இல் தன் 15 வயது மகனுக்குக் கடிதமாகவே ஒரு புத்தகம் எழுதி அந்த ஆண்டின் தேசிய புத்தக விருதை வாங்கினார். அதில் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் கிடையாது.

டெக்சாஸ் இந்தப் பாடத்தைப் பள்ளிக்கே கொண்டுபோனது. 2017இல் வந்த சட்டப்படி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தரணும், வீடியோ காட்டணும். போலீஸுக்கும் பயிற்சி உண்டு. வெள்ளையின மாணவர்களும் சேர்ந்து கேட்பது ஒரு விதத்தில் நல்லதுதான், என்றாலும் சுமையை மீண்டும் பிள்ளைகள் மேலேயே வைக்கிறார்கள் என்ற விமர்சனம் வந்தது.

வேறு சில இடங்களில் நிறுத்துவதையே குறைக்கப் பார்க்கிறார்கள். ஏர் ஃபிரஷ்னர் தொங்குவது போன்ற காரணத்துக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று விர்ஜீனியா சட்டம் 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தது. ஃபிலடெல்ஃபியா நகரமும் 2022இல் இதே வழியில் போனது.

2023இல் வெளியான ஒரு ஆய்வு, போலீஸ்காரர்களின் உடையில் பொருத்திய கேமரா பதிவுகளை எடுத்துக்கொண்டு, போலீஸ்காரர் பேசும் முதல் 45 வார்த்தைகளை மட்டும் கவனித்தது. கிட்டத்தட்ட அரை நிமிடப் பேச்சு அது. எதற்காக நிறுத்தினேன் என்று சொல்லாமல், எடுத்த எடுப்பில் உத்தரவு போட்ட நிறுத்தங்கள்தான் கைவிலங்கு, சோதனை, கைது என்று போக அதிக வாய்ப்பிருந்தது. அதே தொடக்கப் பேச்சை ஒலிப்பதிவாகக் கறுப்பின ஆண்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். டிரைவர் என்ன செய்தார், முடிவு என்ன ஆனது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அப்படி மோசமாக முடிந்த பதிவுகளைக் கேட்டபோது, அந்தச் சில நொடிகளிலேயே இது நல்லபடியாக முடியாது என்று அவர்கள் பயந்தார்கள்.